எழுநூற்றுப் பன்னிரண்டு படங்களும் ஒரு மூக்கும்

நூற்று நாற்பதாவது படம் வரைக்கும் பெரியப்பா தாக்குப்பிடித்தார்.

அதற்கு மேல் கழுத்து ஒத்துழைக்கவில்லை. தம்பி மகன் பல் டாக்டர். ஆட்களை வாயைப் பிளந்தபடி அசையாமல் உட்கார வைப்பது அவன் தொழில். கூடத்தில் பதினோரு சொந்தக்காரர்களை அப்படித்தான் உட்கார வைத்திருந்தான்.

"இது நம்ம ஊர் பஸ் ஸ்டாண்டு."

பார்த்தார்கள்.

"இதுவும் பஸ் ஸ்டாண்டுதான். அந்தப் பக்கத்துலேருந்து."

அதையும் பார்த்தார்கள். மொத்தம் எழுநூற்றுப் பன்னிரண்டு படம். டீ ஒரு சுற்றுதான் வந்தது.

அந்த ஊருக்கும் இந்தக் குடும்பத்துக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. இது தெரிந்த ஒரே ஜீவன் பெரியப்பா.

போன வருடம் தம்பி இறந்த பிறகு, அவன் பீரோவைக் காலி செய்தபோது தாத்தாவின் பழைய பதிவுச் சீட்டு கிடைத்தது. 'பூர்வீகம்' என்ற இடத்தில் அந்த ஊர் பெயர், மேலே மூன்று முத்திரை. டாக்டர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். அப்போதே சொல்லியிருக்கலாம். இரண்டு நாளில் மறந்துவிடுவான் என்று பெரியப்பா விட்டுவிட்டார். மூன்றாம் நாள் அவன் டிக்கெட் வாங்கிவிட்டான்.

இன்று படம் முடிந்ததும் உண்மையைச் சொல்லிவிடுவது என்ற முடிவோடுதான் வந்திருந்தார். எழுபத்தாறு வயதில் இனி என்ன மானம், என்ன மரியாதை!

ஆனால் வாசலில் பித்தளைப் பலகை ஏற்கெனவே ஏறிவிட்டிருந்தது. ஊர் பெயர் பெரிதாக, அதன் கீழே டாக்டர் பெயர் சின்னதாக.

"இவரு நமக்கு மாமா முறை. தாத்தா பேரைச் சொன்னதுமே கண்ணு கலங்கிருச்சு."

படத்தில் மாமா முறையின் மடியில் புது ஃபோன் பெட்டி ஒன்று இருந்தது. டாக்டர் வாங்கிப் போனது. யாருக்குத்தான் கலங்காது?

"மூக்கைப் பாருங்க, மூக்கைப் பாருங்க! அச்சு அசல் நம்ம மூக்கு!"

பதினோரு பேரும் அவரவர் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். டாக்டரின் மூக்கு அவன் அம்மா வழி மூக்கு. அதைச் சொல்ல வேண்டிய அவன் அம்மாவே, "ஆமாண்டா, ஆமாண்டா" என்று தலையாட்டினாள்.

அப்புறம் ஒரு படம் வந்தது. முன்பின் தெரியாத ஒரு வயசான அம்மாள் டாக்டரின் தலையில் கை வைத்திருந்தாள். அவன் கண்ணை மூடிக்கொண்டிருந்தான்.

இதற்கு அவன் விளக்கம் சொல்லவில்லை.

"அப்பா போனதும் எனக்குன்னு யாரும் இல்லன்னு நெனச்சேன் பெரியப்பா. அங்க ஒரு தெருவே இருக்கு."

பெற்றவளும், எதிரே கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்த பெரியப்பாவும் அந்தக் கணக்கில் வரவில்லை போலிருக்கிறது. அப்பனின் சாவுக்குக்கூட அழாத பயல், இப்போது சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

சரி, இதை வளர விடக் கூடாது. பெரியப்பா தொண்டையைச் செருமினார்.

அதற்குள் அடுத்த படம் வந்துவிட்டது. இடிந்த கட்டடம் ஒன்று. துருப்பிடித்த பலகையில் ஒற்றைக்காலில் ஒரு கொக்கு.

"கொக்கு மார்க் மூக்குப்பொடி கம்பெனி. ஒரு காலத்துல ஊருக்கே சோறு போட்டதாம். ஏன் பெரியப்பா, தாத்தா பொடி போடுவாரா?"

பதினோரு மூக்கும் அவர் பக்கம் திரும்பின. தாத்தாவைக் கண்ணால் பார்த்தவர் அந்தக் கூடத்தில் வேறு யாரும் இல்லை.

அந்தப் பதிவுச் சீட்டு வாங்கப் போன அன்று பெரியப்பாவுக்கு ஒன்பது வயது. வீட்டில் எழுதத் தெரிந்த ஒரே ஆள். பூர்வீகம் காலியாக இருந்தால் படிவத்தை வாங்க மாட்டேன் என்றார் ஜன்னலுக்கு உள்ளே இருந்த குமாஸ்தா. அப்பாவை யார் பெற்றார்கள், எங்கே விட்டுப் போனார்கள் என்பது அப்பாவுக்கே தெரியாது. "எதையாவது எழுதுடா" என்றார். வரிசை பின்னாலிருந்து நெட்டித் தள்ளியது. அப்பாவின் சட்டைப்பையிலிருந்து ஒரு தகர டப்பா எட்டிப் பார்த்தது. மூடியில் கொக்கு. கொக்கின் காலடியில் ஓர் ஊர் பெயர். அதைப் பார்த்து, ஓர் எழுத்துப் பிழை இல்லாமல் எழுதினார்.

பின்னாளில் நாற்பது வருடம் அச்சகத்தில் ஊரார் பிழையையெல்லாம் திருத்திச் சம்பளம் வாங்கினார். இந்த ஒன்றைத் திருத்தச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

இதோ, இப்போது கேட்கிறான்.

"சேச்சே!" என்றார் பெரியப்பா. "எங்கப்பாவுக்கு அந்தக் கெட்ட பழக்கமெல்லாம் கெடயாது."

டாக்டருக்குப் பெருமை தாங்கவில்லை. அடுத்த படத்துக்குப் போனான்.

கிளம்பும்போது ஆளுக்கொரு பொட்டலம் கொடுத்தான். அந்த ஊர் மண். முகர்ந்து பார்க்கச் சொன்னான். பெரியப்பா முகர்ந்தார். "நம்ம மண்ணு வாசனையேதான்" என்றும் சொல்லிவைத்தார். இவ்வளவு தூரம் வந்தாயிற்று, இதில் என்ன கஞ்சத்தனம்?

வீட்டுக்கு வந்ததும் மேஜை இழுப்பறையைத் திறந்து, அப்பாவின் தகர டப்பாவை எடுத்தார். உள்ளே இருந்த ரத்த அழுத்த மாத்திரைகளை வெளியே கொட்டிவிட்டு, மண்ணைப் போட்டு மூடினார். அழுத்தித்தான் மூட வேண்டியிருந்தது.

பாவம், எத்தனை வருடம் கழித்துச் சொந்த மண்ணைப் பார்க்கிறது! இந்தக் குடும்பத்தில் உண்மையிலேயே அந்த ஊரில் பிறந்தது அந்த டப்பா ஒன்றுதான்.