விற்றுத் தீர்ந்த வாக்கியங்கள்

உங்கள் தரப்பைச் சொல்லலாம் என்றார் தொலைபேசியில் விசாரணை அதிகாரி. வெர்னா தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

அவள் பக்கத்தில், கட்டிலில் அவள் கணவர் ஓரின். பனியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தவர். அறுவை சிகிச்சை முடிந்தவர்களை நடக்கவைத்து அனுப்பும் பராமரிப்பு இல்லம் அது.

அவர் தேறிவிட்டார், வெள்ளிக்கிழமைக்குப் பிறகு பணம் தர முடியாது என்று காப்பீட்டுக் கம்பெனி சொல்லிவிட்டது. அப்படிச் சொன்ன டாக்டர் டெக்சாஸில் இருந்தார். ஓரினை அவர் கண்ணால் கண்டதில்லை. அதை எதிர்த்து வெர்னா செய்த மேல்முறையீட்டுக்குத்தான் இந்த விசாரணை. அவரும் இப்போது லைனில் இருந்தார்.

ஓரின் கழிப்பறைக்குப் போக இரண்டு பேர் பிடிக்க வேண்டும். வீட்டில் இருப்பது வெர்னா ஒருத்தி. அவளுக்கே எழுபத்தாறு. அவருடையது பால் லாரி ஓட்டிய கனத்த உடம்பு.

வாழ்நாள் எல்லாம் உழைத்துக் கட்டிய பணம் என்று வெர்னா தொடங்கினாள். தொடங்கியவள் பாதியில் நின்றுவிட்டாள்.

அந்த வாக்கியம் அவளுடையது இல்லை. கட்சிக்காரர்களுடையது.

ஊர் நாடகக் குழுவில் கிழவி வேஷத்துக்கு வெர்னாவை விட்டால் ஆளில்லை. அதனால் தேர்தல் வந்தால் விளம்பரப் படம் எடுக்கத் தலைநகரிலிருந்து வண்டி வரும். சமையலறை மேஜை முன்னால் அவளை உட்காரவைப்பார்கள், எதிரே மருந்துப் புட்டிகளை அடுக்குவார்கள். முதியோரின் அரசாங்கக் காப்பீட்டைக் கம்பெனிகளிடம் விற்கப் பார்க்கிறார்கள் என்று நீலக் கம்பளிச் சட்டையில் ஒரு கட்சிக்காகக் கலங்கினாள். அடுத்த தேர்தலில், அதே காப்பீட்டில் கைவைத்து வேறு யாருக்கோ கொடுக்கப் பார்க்கிறார்கள் என்று பழுப்புச் சட்டையில் இன்னொரு கட்சிக்காகக் கலங்கினாள்.

வெளியே மழை பெய்கிறதா என்பதில்கூட ஒத்துப்போகாத அந்த இரண்டு கட்சிகளும், அவள் குரல் நடுங்கும் அழகில் மட்டும் ஒத்துப்போயின. இரண்டிலும் அழுதது ஒரே கிழவிதான் என்று விஸ்கான்சின் மாநிலத்தில் ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை.

யாருக்கும் பாரமாக இருக்க விரும்பவில்லை என்று வேறு பக்கமாகத் தொடங்கிப் பார்த்தாள். அது பழுப்புச் சட்டை.

ஒரே ஒரு கையெழுத்தில் எங்கள் வாழ்க்கை, என்றாள். அது நீலச் சட்டை, இரண்டாவது விளம்பரம்.

நடுங்க வேண்டிய இடத்தில் குரல் தானாக நடுங்கியது, நிற்க வேண்டிய இடத்தில் தானாக நின்றது. எல்லாம் உண்மை. ஆனால் எதுவும் உண்மை போலக் கேட்கவில்லை.

அதிகாரி நல்ல பெண்மணி. உங்கள் குரலை எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதே, பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தீர்களா என்று கேட்டார். இல்லை என்றாள் வெர்னா.

சுவருக்கு அப்பால், கூடத்துத் தொலைக்காட்சியில் இந்த வருட வேட்பாளர்கள் இருவரும் மோதிக்கொண்டிருந்தார்கள். பெரியவர்களின் காப்பீட்டில் ஒரு மயிரிழையைக்கூடத் தொட மாட்டேன் என்றார் ஒருவர். நான் அரை மயிரிழையைக்கூடத் தொட மாட்டேன் என்றார் மற்றவர். கைதட்டல் அறைக்குள் வந்தது. வெர்னா எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள்.

டெக்சாஸ் டாக்டர் மிகவும் மரியாதையாகப் பேசினார். அம்மாவின் வருத்தம் புரிகிறது, ஆனால் பெரியவர் சென்ற வாரமே வாக்கரைப் பிடித்துக்கொண்டு இருபது அடி நடந்திருக்கிறாரே என்றார்.

"நடந்தேன் டாக்டர். போனதுதான் நான். திரும்பி வந்தது நான் இல்ல, என்னைத் தூக்கிக்கிட்டு வந்தாங்க" என்றார் ஓரின்.

அதிகாரி சிரிப்பை அடக்குவது கேட்டது. வெர்னாவுக்கு நம்பிக்கை வந்தது. எழுதிக் கொடுக்காத வாக்கியம் என்றால் இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது.

பிறகு அதிகாரி, இன்னொன்று கேட்க வேண்டும் என்றார். ஓரின் பல வருடம் அரசாங்கத்தின் நேரடிக் காப்பீட்டில்தான் இருந்திருக்கிறார். அங்கே இருந்திருந்தால் டெக்சாஸில் யாரையும் கேட்க வேண்டியதில்லை. இரண்டு குளிர்காலத்துக்கு முன்னால்தான் இந்தக் கம்பெனித் திட்டத்துக்கு மாறியிருக்கிறார். கம்பெனியோ, கம்பெனிக்காகப் பேசிய யாராவதோ பொய் சொல்லி மாற்றியிருந்தால் சொல்லட்டும். அந்த மாற்றத்தையே ரத்துசெய்து பழைய காப்பீட்டுக்குத் திரும்ப வழி இருக்கிறது.

வெள்ளிக்கிழமையைத் தாண்ட ஒரு கதவு.

ஓரின் வெர்னாவைப் பார்த்தார். வெர்னா தலையை ஆட்டினாள், சொல்லுங்கள் என்று. கையாலும் காட்டினாள்.

"யாரும் பொய் சொல்லலங்க மேடம். நானா யோசிச்சு, நானாத்தான் சேந்தேன்."

நன்றாக யோசித்துத்தான் சொல்கிறீர்களா என்று அதிகாரி இன்னொரு முறை கேட்டார். ஓரின் ஆமாம் என்றார். சரி என்று அதிகாரி அடுத்த கேள்விக்குப் போனார்.

கட்சிகளுக்குப் பிறகு வெர்னா நடித்தது ஒரே ஒரு விளம்பரம். அதே மேஜை, மருந்துப் புட்டிகள் மட்டும் கிடையாது. வெள்ளைச் சட்டை. அழ வேண்டாம், சிரித்தால் போதும் என்றார்கள். கையில் இந்தக் கம்பெனியின் அட்டையைப் பிடித்துக்கொண்டு, என் வீட்டுக்காரரும் இதில்தான் இருக்கிறார் என்று சொல்ல வேண்டும். அப்போது ஓரின் இருந்தது அரசாங்கக் காப்பீட்டில். இருந்தும் சொன்னாள்.

அது ஒளிபரப்பான மறுநாள் காலை ஓரின் தொப்பியை மாட்டிக்கொண்டு கிளம்பிப் போனார். சேர்ந்துவிட்டுத் திரும்பி வந்து காப்பி கேட்டார். மாநிலம் முழுக்கக் கேட்கும்படி நீ ஒன்றைச் சொல்லிவிட்டாய், அது பொய்யாக இருக்கக் கூடாது இல்லையா என்றார்.

வெர்னா அன்றைக்குச் சிரித்தாள்.