உள்ளேன் டீச்சர்

காலை எட்டரைக்கே, பிள்ளைகள் வந்து சேருமுன்பே, செல்போனில் இருந்த செயலி அன்றைய வருகைப் பதிவைத் தானே கணித்து நிரப்பி வைத்திருந்தது. ஐந்தாம் வகுப்பில் முப்பத்தொரு பேர் வருவார்கள், ரெஜினா வரமாட்டாள். திங்கட்கிழமைகளில் தாய் உப்பளத்துக்குப் போய்விட, தம்பியைப் பார்த்துக்கொள்ள அவள் வீட்டிலேயே நின்றுவிடுவது வழக்கம். இன்றும் வராவிட்டால் பள்ளிப் பதிவேட்டிலிருந்து அவள் பெயர் நீக்கப்படும்.

இன்று அவள் தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டே வந்து முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். எஸ்தர் டீச்சர் மூன்று முறை திருத்திப் பார்த்தார். செயலி ஏற்கவில்லை.

"விடுங்க டீச்சர், அது சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்றார் வாசலில் நின்ற தலைமையாசிரியர்.

"கண்ணு முன்னால உட்கார்ந்திருக்கா சார்."

எஸ்தர் செல்போனை மேசை டிராயருக்குள் போட்டு மூடினார். ஒரு நோட்டை எடுத்துக் கோடு போட்டு, முதல் பெயரைக் கூப்பிட்டார். அந்தப் பையன் முழித்தான். வருகை எடுக்க அந்தப் பிள்ளைகளை இதுவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை.

"பேரைச் சொன்னா எந்திரிச்சு 'உள்ளேன் டீச்சர்'னு சொல்லணும்."

ரெஜினாவின் முறை வந்தது. தம்பியோடு எழுந்து முணுமுணுத்தாள்.

"இன்னும் சத்தமா சொல்லு. வாசல்ல சார் நிக்காங்க, அவங்களுக்கும் கேக்கணும்."