வெட்டாத காலாள்

"கிளறன்ஸ் என்ன சொன்னான் ஐயா? காலாள வெட்டிட்டானா?"

படுக்கையிலிருந்து எழும்ப முயன்றபடியே லோரன்ஸ் கேட்டார். அம்பிட்டியக் காய்ச்சல் கொட்டகையில் வைத்தியம் பார்க்கும் அப்போதிக்கரி சுந்தரலிங்கம் அவருடைய நாடியைப் பிடித்தார். நாடி பார்ப்பதில் ஒரு வசதி, யோசிக்க நேரம் கிடைக்கும்.

லோரன்ஸும் கிளறன்ஸும் கண்டியில் ஒரே காப்பிக் கிட்டங்கியில் கிளாக்கர்மார். துரையிடம் சதுரங்கம் கற்றுக்கொண்டு, மூட்டை நிறுக்கும் நேரம் போக மற்ற நேரமெல்லாம் அதே பைத்தியமாகக் கிடந்தவர்கள். காய்ச்சலும் இருவரையும் சேர்த்தே பிடித்தது. கிளறன்ஸுக்கு முற்றிவிட்டதால் வைத்தியரைத் தவிர யாரும் போகக்கூடாத பின்னறைக்கு மாற்றினார்கள். அப்போதும் ஆட்டம் நிற்கவில்லை. லோரன்ஸ் நகர்த்தியதைச் சுந்தரலிங்கம் காலையில் பின்னறைக்குப் போய்ச் சொல்வார். மாலையில் அங்கிருந்து பதில் கொண்டுவருவார்.

லோரன்ஸ் எப்போதும் எவன்ஸ் தாக்குதல்தான் ஆடுவார். நாலாவது நகர்த்தலில் ஒரு காலாளை எதிராளியின் மந்திரிக்கு முன்னால் இனாமாகத் தள்ளிவிடுவார். ஆசைப்பட்டு அதை வெட்டுகிறவனுக்கு நேரம் வீணாகும். அதற்குள் இவருடைய படை ராஜாவின் வாசலுக்கு வந்துவிடும்.

இந்த முறையும் காலாளைத் தள்ளியிருந்தார். பதில் சொல்ல வேண்டிய கிளறன்ஸ் அன்று விடிகாலையில் இறந்துபோனார்.

லோரன்ஸுக்குக் காய்ச்சல் உச்சத்தில் இருந்தது. இப்போது சொன்னால் ஆளே போய்விடுவார் என்று சுந்தரலிங்கம் பயந்தார். மாலையில் சொல்கிறேன் என்று சமாளித்துவிட்டு, துரையின் சதுரங்கப் புத்தகத்தை இரவல் வாங்கிப் புரட்டினார். காலாளை வெட்டினால் விழும் அடிகள் பக்கம் பக்கமாக இருந்தன. வெட்டாமல் மந்திரியைப் பின்னுக்கு எடுத்தால் ஆபத்துக் குறைவு என்று ஒரு மூலையில் போட்டிருந்தது. வைத்தியருக்கு அது பிடித்துப்போயிற்று.

"வெட்டேல்லை லோரன்ஸ். மந்திரியை ஒரு கட்டம் பின்னுக்கு எடுத்திட்டார்."

லோரன்ஸ் கட்டிலோரத்தில் இருந்த சதுரங்கப் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அந்த மந்திரியைத் தாமே நகர்த்திவைத்துவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். களைப்பாக்கும் என்று எண்ணி அப்போதிக்கரி போர்வையை இழுத்துவிட்டார்.

சுந்தரலிங்கத்தின் மனமும் சரியாக இல்லை. அந்தப் பருவத்தில் தோட்டங்களிலிருந்து வந்தவர்களில் எழுந்து போனவர்களைவிட மண்ணுக்குள் போனவர்களே அதிகம். கிளறன்ஸும் போனதோடு அவருக்கு வெறுத்துவிட்டது. யாழ்ப்பாணத்துக்கே திரும்பிவிடுவது என்று பெட்டியைக் கட்டிவைத்தார். இந்த ஆட்டம் முடியும்வரைதான் இங்கே இருப்பேன் என்று, கொட்டகையைக் கூட்டும் வேலாயியிடமும் சொல்லிவிட்டார்.

ஆட்டமோ முடிகிற பாடாயில்லை. லோரன்ஸ் படையெடுத்து வருவார். சுந்தரலிங்கம் புத்தகத்தைப் பார்த்துக் குதிரையைக் குறுக்கே போடுவார், ராஜாவை மூலையில் ஒளிப்பார். இதோ தொலைந்தோம் என்று நினைக்கும்போது லோரன்ஸ் யானையை ஒரு கட்டம் சும்மா நகர்த்திவைப்பார். இவ்வளவு பெரிய ஆட்டக்காரரையே தடுத்துவிட்டோமே என்று அப்போதிக்கரிக்கு உள்ளூரக் கொஞ்சம் தலைக்கனம்கூட வந்தது. அந்தத் தெம்பில் மற்றக் கட்டில்களையும் இரண்டு முறை கூடுதலாகச் சுற்றினார். மருந்து கேட்டவர்களுக்கு மருந்தும் பேச்சுக் கேட்டவர்களுக்குப் பேச்சும் கிடைத்தன. சிலர் எழுந்து நடமாடவும் தொடங்கினார்கள்.

ஹந்தானை மலைச் சரிவில் காப்பி பூத்திருந்த ஒரு காலையில், காய்ச்சல் முழுதும் விட்ட லோரன்ஸ் வாசலில் வெயில் காய்ந்துகொண்டிருந்தார். சுந்தரலிங்கம் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"லோரன்ஸ், உங்கட கிளறன்ஸ்..."

"தெரியுங்க ஐயா. நீங்க மந்திரியப் பின்னால எடுத்த அன்னிக்கே தெரியும். சும்மா கெடைக்கிற காலாள அவன் ஒரு நாளும் வேணாம்னதில்ல. அதாலயே தோப்பான், மறுபடியும் வெட்டுவான்." லோரன்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அன்னிக்கே அழுது முடிச்சிட்டேன்."

சுந்தரலிங்கத்துக்கு இவ்வளவு நாளும் ஒளித்துவைத்ததற்கு வெட்கமாக இருந்தது.

"பிறகேன் என்னோட விளையாடினீங்கள்?"

லோரன்ஸ் கொட்டகைக்குள் திரும்பிப் பார்த்தார். வேலாயி கட்டில் கட்டிலாகக் கஞ்சி ஊற்றிக்கொண்டு போனாள்.

"நீங்க பெட்டி கட்டிட்டீங்க, ஆட்டம் முடிஞ்சா வண்டியேறிருவீங்கன்னு வேலாயி சொன்னா. இத்தன பேரு படுத்துக் கெடக்கையில உங்கள எப்படி அனுப்புறது? அதான் ராஜாவப் பிடிக்க வழியிருந்தும் ஒவ்வொரு தடவையும் யானைய நகத்தி வச்சேன்."