குண்டு வருது

மேல்படிப்பு விசாவுக்கான நேர்காணலில் மனிதர்கள் யாரும் இல்லை. மிருதுளா பள்ளி நாளிலிருந்து இணையத்தில் எழுதிய அத்தனையையும் படித்துவிட்ட ஒரு திரைதான் கேள்வி கேட்டது.

"'குண்டு வருது, எல்லாரும் ஓடுங்க.' வகுப்புக் குழுவில் இதைப் பலமுறை போட்டிருக்கிறீர்கள். எந்த வெடிகுண்டு?"

மிருதுளாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வெடிகுண்டு இல்லைங்க. கூடப் படிச்ச ஜெசிந்தா. கொஞ்சம் குண்டா இருப்பா. சும்மா கிண்டலுக்குப் போட்டது."

"அவரே உறுதிசெய்யட்டும். அழைக்கிறோம்."

"வேணாங்க" என்று அவள் சொல்வதற்குள் ஜெசிந்தாவின் முகம் திரையில் வந்துவிட்டது. கன்னம் ஒட்டிப்போய், கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. திரை அந்த வரியை அவளுக்குப் படித்துக் காட்டியது.

"ஆமாங்க" என்றாள் ஜெசிந்தா. "அந்தக் குண்டு நான்தான்."

"நீங்கள் குண்டாக இல்லையே?"

"அப்ப இருந்தேன். நான் உள்ள வந்தாலே இவங்க எல்லாரும் எந்திரிச்சு ஓடுவாங்க. அதுலேர்ந்து சோறு இறங்கல. இவளுக்கு விசா குடுத்துருங்க, பாவம்."

அவள் முகம் மறைந்தது. திரை பச்சையானது.

"உங்கள் பேரில் தவறு எதுவும் இல்லை. நீங்கள் போகலாம்."

மிருதுளாவால் எழுந்திருக்க முடியவில்லை.