நாற்பத்தேழாம் படி

திருத்தணி மலைக்கு நாளுக்கு ஒன்றாக முந்நூற்று அறுபத்தைந்து படிகள். டிசம்பர் முப்பத்தொன்றில் படிக்குப் படி கற்பூரம் ஏற்றுவார்கள். போன முறை அனுசுயா ஏற்றியதில் நான்கு அணைந்தன. அந்த நான்கு தேதிகளிலும் எங்கோ ஒரு விமானம் விழுந்தது.

இம்முறை ஒன்றுதான், காற்றே இல்லாமல் அணைந்தது. நாற்பத்தேழாம் படி. பிப்ரவரி பதினாறு.

அவள் கணவன் வளவன் ஹெலிகாப்டரில் கூடவே பறக்கும் மெக்கானிக்.

"அன்னிக்கு மட்டும் மேல போகாதீங்க."

"ஆங், லீவு போட்டுடறேன்."

சொன்னபடியே போட்டான். பிப்ரவரி பதினாறு காலையில் கூடத்தில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டான். வெளியே ஹெலிகாப்டர் சத்தம் நெருங்கியது.

"எங்க வண்டிதான். ரவுண்டு அடிச்சுகினு இருக்குது," என்றான் நிமிராமல்.

சத்தம் வீட்டுக்கு நேர்மேலே வந்து, நின்றுபோனது.