ஆறாவது டேக்

பிள்ளைகள் இருவரும் தட்டை வழித்துத் தின்று முடித்தார்கள். அப்பா திருப்தியாக மீசையைத் துடைத்துக்கொண்டார். அம்மா முகமெல்லாம் சிரிப்பாக நிமிர்ந்து, "செலவான சாப்பாட்டுக்குச் சத்து தேவையில்லை..." என்றாள்.

"கட்! கட்!" டைரக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். அம்மாவின் சிரிப்பு, சுவிட்சை அணைத்த மாதிரி நின்றுபோனது.

"ஏம்மா, இது மூணாவது தடவை! 'சத்தான சாப்பாட்டுக்குச் செலவு தேவையில்லை, மனசு இருந்தா போதும், எங்க வீட்ல தினமும் இதுதான்.' இதைச் சொல்ல அப்படி என்ன கஷ்டம்?"

"மன்னிச்சுக்குங்க சார். மறந்துடுது."

"மறந்துட்டே இருந்தா வேற ஆளைப் பார்த்துடுவேன். அப்புறம் இங்க கூட்டுற வேலையும் உனக்குச் சந்தேகம்தான், சொல்லிட்டேன்."

அவள் தலையாட்டினாள். பயந்த மாதிரியும் இல்லை, பயப்படாத மாதிரியும் இல்லை.

குறைந்த செலவில் குடும்பத்துக்கு ஆரோக்கியம் என்று ஒரு விளம்பரப் படம். "நிஜமான அம்மாதான் வேணும், நடிகை வந்தா போலியா இருக்கும்" என்று அடம் பிடித்தவர் ஊட்டச்சத்து நிபுணர். அதனால் ஸ்டூடியோவைக் கூட்டித் துடைக்கிறவளையும் அவள் பெற்ற இரண்டையும் சாப்பாட்டு மேசையில் உட்கார வைத்திருந்தார்கள். கொடுத்த சட்டை தொளதொளத்ததால் பிள்ளைகளின் முதுகுப் பக்கம் கிளிப் போட்டு இழுத்துப் பிடித்திருந்தது. அப்பா மட்டும் வாடகைக்கு வந்தவர்.

நடுவில் வெட்டி ஒட்டக்கூடாது என்பதும் நிபுணரின் உத்தரவுதான். "தட்டு நிறையச் சாப்பாடு. தட்டு காலி. அப்புறம் அம்மா வசனம். எல்லாம் ஒரே ஷாட். வெட்டினா ஜனங்க நம்ப மாட்டாங்க."

எனவே ஒவ்வொரு தடவையும் தட்டைக் கழுவி, மறுபடி பயறு, கீரை, கேரட், அவித்த முட்டை என்று நிரப்பினார்கள்.

நாலாவது தடவை அவள், "மனசு தேவையில்லை, செலவு இருந்தா போதும்" என்று உண்மையைச் சொல்லிவிட்டாள். லைட்பாய்கள் சிரித்தார்கள். நிபுணர் சிரிக்கவில்லை.

"இரும்புச்சத்துக் குறைவு," என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி அறிவித்தார். "மூளைக்குச் சத்து போகலைன்னா ஞாபகம் நிக்காது. பாவம், அவளைச் சொல்லிக் குற்றமில்ல."

வாடகை அப்பா பெல்ட்டை ஒரு துளை தளர்த்தினார். "சார், நாலு முட்டை உள்ள போயிருக்கு. இதுக்கு மேல இறங்காது. நான் சாப்பிடுற மாதிரி நடிக்கட்டுமா?"

"உங்க தொழிலே அதுதானய்யா!" என்றார் டைரக்டர். "அந்தப் பிள்ளைங்களைப் பாருங்க. ஒவ்வொரு தடவையும் முதல் தடவை மாதிரியே சாப்பிடுதுங்க. அதுக்குப் பேருதான் நடிப்பு!"

புகழ்ச்சி காதில் விழாத மாதிரி பையன் தட்டுக்காகக் காத்திருந்தான்.

"நீங்களும் ஒரு வாய் பார்க்கறீங்களா சார்?" என்று சமையல்காரர் நிபுணரிடம் ஒரு தட்டை நீட்டினார்.

"ஐயையோ, கீரை எனக்கு ஒத்துக்காதுப்பா." அவருடைய மதியச் சாப்பாடு பெரிய ஹோட்டலிலிருந்து ஏற்கெனவே கிளம்பியிருந்தது.

காத்திருக்கிற நேரத்தில், படத்தின் கடைசியில் தான் பேசப்போவதை அவர் ஒத்திகை பார்த்தார். "அன்பார்ந்த தாய்மார்களே, நூறு கிராம் பயறில்... பயறில்..." விரலைச் சொடுக்கினார். மறுபடி சொடுக்கினார்.

"இருபத்து நாலு கிராம் புரதம்," என்றாள் அவள், மேசையைத் துடைத்தபடியே. "காலையில சொன்னீங்க சார்."

நிபுணருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "பார்த்தீங்களா டைரக்டர் சார்! நம்ம பேச்சு எங்க வரைக்கும் போய்ச் சேருது!"

ஐந்தாவது தடவை தட்டுகள் காலியானதும் அவள் கேமராவைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு வார்த்தையும் வரவில்லை.

டைரக்டர் இந்த முறை கத்தவில்லை. பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார். "இதுதான் கடைசி. இதுலயும் சொதப்பினா இன்னைக்குக் கூலி கிடையாது. நாளைக்கு விளக்குமாத்தைத் தொட இந்தப் பக்கம் வரவும் வேண்டாம். புரியுதா?"

"புரியுது சார்."

ஆறாவது முறையாகத் தட்டுகள் நிரம்பின. வாடகை அப்பா கண்ணை மூடிக்கொண்டார். அவள் குனிந்து சின்னவளின் வாயோரத்தை முந்தானையால் துடைத்துவிட்டாள். சின்னவள் அவள் காதைப் பிடித்து இழுத்து ஏதோ கிசுகிசுத்தாள்.

மைக் திறந்திருந்ததால், ஹெட்போன் மாட்டியிருந்த ஒலிப்பதிவுக்காரருக்கு மட்டும் அது கேட்டது. கேட்டுவிட்டு, கேட்காதவர் மாதிரி தரையைப் பார்த்தார்.

"இந்தத் தட்டோட வயிறு ரொம்பிடும்மா, இந்தத் தடவை சரியாச் சொல்லிடு."