வாளி அண்ணன்

ஒரு வீட்டுக் கொல்லையில் செவலை என்றொரு நாட்டுக்கோழி நாட்டாமை பண்ணிக்கொண்டிருந்தது. அங்கே ஒருநாள் ரோஸி என்ற வெளிநாட்டு அலங்காரக் கோழி வந்து இறங்கியது. அதன் தலையில் பூச்செண்டு மாதிரி ஒரு இறகுக் கொண்டை. கண்ணை மறைத்து அலகுவரை தொங்கியது.

செவலை முன்னால் போய் நின்றது. ரோஸி கண்டுகொள்ளவில்லை. கொல்லையிலிருந்த சேவலும் இறக்கையை விரித்து ஆடிக் காட்டியது. அதையும் கண்டுகொள்ளவில்லை.

"பெரிய இடத்துப் பொண்ணு, நம்மளையெல்லாம் ஏறெடுத்துப் பார்க்குமா?" என்று செவலை பொருமியது.

மறுநாள் ரோஸி விறுவிறுவென்று நடந்துபோய், அங்கே கவிழ்ந்து கிடந்த பழைய வாளியில் முட்டிக்கொண்டது. "மன்னிச்சுக்குங்க அண்ணே" என்று தலைகுனிந்தது.

கொல்லைக் கோழிகளெல்லாம் வாளியைச் சுற்றிக் கூடிவிட்டன. நம்மை மதிக்காதவள் வாளிக்குத் தலைகுனிகிறாள் என்றால், வாளி எப்பேர்ப்பட்ட ஆள்! இத்தனை காலம் அதன்மேல் எச்சமிட்டதை நினைத்துச் செவலைக்கு உடம்பே கூசியது. அன்றுமுதல் புழுவோ குருணையோ, முதல் பங்கு வாளிக்குத்தான். எறும்புகள் இழுத்துப்போனதும், "அண்ணன் சாப்பிட்டுட்டாரு!" என்று பட்டினிக் கோழிகள் பூரித்துப்போயின.

ஒருநாள் வீட்டுக்கார அம்மா ரோஸியின் கொண்டையைத் தூக்கி ரப்பர்பேண்டு போட்டுவிட்டாள். ரோஸி முதல்முறையாகக் கொல்லையைச் சுற்றிப் பார்த்தது.

"அக்கா, இது வெறும் ஓட்டை வாளி! அன்னிக்கு நான்தான் கண்ணு தெரியாம சேவல்னு நெனச்சுட்டேன்."

செவலை பதறிப்போய் வாளிக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, ரோஸியிடம் கிசுகிசுத்தது: "மெதுவாப் பேசுடி, அண்ணன் காதுல விழுந்துடப் போவுது!"